தொடையில் அடி... 3 நாளில் மேட்ச்: ஆடலாமா? முழங்காலை மடக்கிப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். வியாழக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸில் எதிராளியின் முட்டி நேராக வந்து உங்கள் தொடையில் இடிக்கிறது. ரத்தம் இல்லை, கீறல் இல்லை. "ஒண்ணுமில்லடா, நல்லா தேய்ச்சு விடு, சரியாயிடும்" என்கிறார்கள் கூட ஆடுபவர்கள். நீங்களும் நொண்டியபடியே மீதி ஆட்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். மறுநாள் காலையில் கட்டிலில் இருந்து இறங்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. காலை மடக்க முடியவில்லை.

கபடி, ஃபுட்பால், ஹாக்கி, டென்னிஸ் பால் கிரிக்கெட் என எதை ஆடுபவராக இருந்தாலும் இந்தக் காட்சி பழக்கமானதுதான். இதற்கு அடுத்து வரும் கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?"

பதில், அடிபட்ட முதல் 24 மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன செய்யாமல் விட்டீர்கள் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

எல்லாமே 'தசைப்பிடிப்பு' இல்லை

முதலில் எங்கள் பக்கத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வீரர் தொடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறினால், செய்திகளில் பெரும்பாலும் 'தசைப்பிடிப்பு' அல்லது 'தசைநார் கிழிவு' என்று தலைப்பு போட்டுவிடுகிறோம். உண்மையில் அங்கே மூன்று வெவ்வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் சிகிச்சை வேறு.

தசைப்பிடிப்பு: ஓடிக் களைத்த தசை திடீரென இறுகிக்கொள்வது. "சதை பிடிச்சுக்கிச்சு" என்போமே, அதுதான். இழுத்துவிட்டு, தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தசைக் கிழிவு: யாரும் இடிக்காமலே, வேகமாக ஓடும்போதோ பந்தை உதைக்கும்போதோ 'சுருக்'கென்று பிடுங்குவது. தசை இழைகள் அறுந்திருக்கும். தொடையின் பின்பக்கம் வரும் 'ஹாம்ஸ்ட்ரிங்' பிரச்சினை பெரும்பாலும் இந்த வகைதான்.

ஊமைக்காயம்: வெளியில் இருந்து விழுந்த அடியால் தசை நசுங்குவது. மருத்துவத்தில் 'கன்ட்யூஷன்' என்பார்கள். தொடையின் முன்பக்கமும் வெளிப்பக்கமும்தான் அதிகம் அடிபடும் இடங்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக இதைப் பற்றியதுதான்.

ஊமைக்காயம் என்ற தமிழ்ச் சொல் இதற்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள். வெளியே எதுவும் சொல்லாது. எல்லாம் உள்ளேதான்.

தொடைக்குள்ளே என்ன நடக்கிறது?

தொடையின் முன்பக்கம் நான்கு தசைகள் சேர்ந்த ஒரு கூட்டம் இருக்கிறது. 'குவாட்ரிசெப்ஸ்' என்று பெயர். முழங்காலை நீட்டுவது இதன் வேலை. ஓட, குதிக்க, உதைக்க, உட்கார்ந்து எழ எல்லாவற்றுக்கும் இது வேண்டும். இந்தத் தசைகளுக்கு அடியில் உடம்பிலேயே பெரிய எலும்பான தொடை எலும்பு இருக்கிறது.

எதிராளியின் முட்டி வந்து மோதும்போது தசை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அம்மிக்கும் குழவிக்கும் நடுவே சிக்கிய மாதிரி. எலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கும் தசைதான் அதிகம் நசுங்கும். சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் உடைந்து உள்ளேயே ரத்தம் கசியும். நாம் 'ரத்தக்கட்டு' என்று சொல்வது இதைத்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரத்தம் தசைகளுக்கு இடையிலான இடைவெளியில் கசிந்தால் இரண்டு, மூன்று நாளில் முழங்கால் பக்கம் நீலமாக இறங்கித் தெரியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது பெரும்பாலும் சீக்கிரம் ஆறும் வகை. ரத்தம் தசையின் உறைக்குள்ளேயே தேங்கிவிட்டால் வெளியே கன்றியதே தெரியாது. ஆனால் தொடை கல் மாதிரி இறுகி, காலை மடக்க முடியாமல் போகும். இதுதான் நாள் பிடிக்கும் வகை. "நீலமாகவே இல்லையே, அப்ப சின்ன அடிதான்" என்று முடிவு கட்ட வேண்டாம்.

முதல் 24 மணி நேரம்: காலை நீட்டி வைக்கலாமா, மடக்கி வைக்கலாமா?

அடிபட்டதும் எல்லோரும் செய்வது காலை நேராக நீட்டிப் படுப்பது. வலி குறைவாக இருக்கும், அதனால்தான். ஆனால் தசை சுருங்கிய நிலையிலேயே வீங்கி இறுகிவிட்டால், மறுபடி முழுசாக மடங்க நாள் கணக்கில் ஆகும்.

இங்கேதான் அமெரிக்க ராணுவப் பயிற்சிக் கல்லூரிகளின் அனுபவம் உதவுகிறது. அங்கே மாணவர்கள் முரட்டு விளையாட்டுகள் பலவும் ஆடுவார்கள். அதனால் தொடையில் அடிபடுவதும் சகஜம். வெஸ்ட் பாயின்ட் கல்லூரியில் 117 மாணவர்களின் தொடைக் காயங்களை ஆராய்ந்து 1991-ல் ஓர் அறிக்கை வெளியானது. காலை மடக்கிய நிலையில் ஓய்வு, ஐஸ், கட்டு, வலி இல்லாத அளவுக்குச் சீக்கிரமே அசைவு. இதுதான் அவர்கள் பின்பற்றிய முறை.

2006-ல் அமெரிக்கக் கடற்படை அகாடமியில் இருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அடிபட்ட 10 நிமிடத்துக்குள் முழங்காலை 120 டிகிரி மடக்கி, எலாஸ்டிக் பேண்டேஜால் கட்டி, 24 மணி நேரம் அப்படியே வைத்தார்கள். 47 மாணவர்கள். சராசரியாக மூன்றரை நாளில் அவர்களால் முழு அளவில் விளையாட்டுக்குத் திரும்ப முடிந்தது.

120 டிகிரி என்றால் எவ்வளவு? நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்தால் முழங்கால் 90 டிகிரி மடங்கியிருக்கும். அதைவிட இன்னும் உள்ளே, குதிகால் பின்பக்கத்தை நோக்கி வரும் அளவு.

இப்படி மடக்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. இழுபட்டு இறுகிய தசையே உள்ளே ரத்தம் மேலும் கசியாமல் அழுத்திப் பிடிக்கிறது. தசை நீண்ட நிலையிலேயே இருப்பதால் மறுநாள் மடக்கும் திறனும் போகாமல் இருக்கிறது.

ஆனால் மூன்று எச்சரிக்கை. ஒன்று, இவை பெரிய ஆய்வுகள் கிடையாது. மடக்கி வைக்காத இன்னொரு குழுவோடு நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்தவையும் கிடையாது. எல்லோரும் இளவயது, நல்ல உடற்தகுதி உள்ளவர்கள். இரண்டு, இது அடிபட்ட காயத்துக்கு மட்டும்தான். தசை கிழிந்திருந்தால் இப்படி இழுத்து மடக்குவது கிழிசலை அதிகமாக்கும். எலும்பு முறிவு என்று சந்தேகம் இருந்தாலும் கூடாது. மூன்று, கட்டு இறுகி கால் விரல்கள் மரத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ, வலி கூடினாலோ உடனே அவிழ்க்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்து கட்டிவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் வலி தாங்கும் அளவுக்கு மட்டும் மடக்கி, தலையணை முட்டுக்கொடுத்து வைத்துக்கொள்ளலாம்.

நாம் அன்போடு செய்யும் 4 தவறுகள்

1. நீவி விடுவது. "சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட போய் ஒரு நீவு நீவிட்டு வா" என்பது ஊரில் முதலில் கிடைக்கும் ஆலோசனை. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தால் அடைபட்ட குழாய்கள் மறுபடி திறக்கும். முதல் மூன்று நாளாவது அடிபட்ட இடத்தில் கையே வைக்க வேண்டாம். அதற்குப் பிறகும் அழுத்தமான மசாஜ் வேணுமா என்பதை மருத்துவரோ பிசியோவோ முடிவு செய்யட்டும்.

2. வெந்நீர் ஒத்தடம், சூடான பத்து. ரத்தக்கட்டு என்றதும் புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்க வைத்துப் பூசுவது பல வீடுகளில் வழக்கம். சூடு ரத்தக்குழாய்களை விரிக்கும், கசிவு கூடும். முதல் இரண்டு, மூன்று நாளைக்கு எந்தச் சூடும் வேணாம். எரிச்சல் தரும் தைலங்களைத் தேய்ப்பதும் இதே கணக்குதான்.

3. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை ரத்தம் உறைவதைக் கொஞ்சம் பாதிக்கும். அதனால் முதல் இரண்டு நாளில் இவற்றை நாமாகவே எடுக்காமல் இருப்பது நல்லது. வலி தாங்க முடியவில்லை என்றால் பாரசிட்டமால் போதும். மோசமான அடிக்கு மருத்துவர் யோசித்து வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம்.

4. "வலியோடயே ஓடிடு, சூடு ஏறினா சரியாயிடும்." அடிபட்ட உடனே தொடர்ந்து ஆடுவதுதான் வீக்கத்தை இரட்டிப்பாக்கும் வழி. அன்று ராத்திரி மது குடிப்பதும் அப்படியே. அதுவும் கசிவைக் கூட்டும்.

அப்போ ஐஸ்?

இதில் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 'ரைஸ்' என்ற சூத்திரத்தை 1978-ல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஏறத்தாழ 35 ஆண்டுகள் கழித்து, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கம் என்பது உடம்பு தன்னைத் தானே பழுதுபார்க்கும் வேலையின் ஒரு பகுதி, அதை முழுசாக அணைத்துவிடக் கூடாது என்பதுதான் வாதம்.

நடைமுறையில் என்ன செய்வது? முதல் ஒன்றிரண்டு நாளில் வலியைக் குறைக்க ஐஸ் இன்னும் பயன்படுகிறது. மெல்லிய துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. நேரடியாகத் தோலில் வைத்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள், தோல் புண்ணாகிவிடும். ஐஸை விட முக்கியமானது மடக்கி வைப்பதும் அளவான கட்டும்தான்.

எத்தனை நாள் ஆகும்? முழங்காலைக் கேளுங்க

எவ்வளவு வலிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மேட்ச் ஆசையில் வலியை மறைப்பவர்களும் உண்டு. அதனால் விளையாட்டு மருத்துவர்கள் பார்ப்பது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை.

அடிபட்டு ஒரு நாள் கழித்து, குப்புறப் படுத்துக்கொண்டு குதிகாலைப் பின்பக்கம் நோக்கி மெதுவாக மடக்குங்கள். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அடிபடாத காலோடு ஒப்பிடுங்கள்.

90 டிகிரிக்கு மேல் மடங்கினால் லேசான காயம். 45-க்கும் 90-க்கும் நடுவில் என்றால் நடுத்தரம். 45 டிகிரிகூட மடங்கவில்லை என்றால் கடுமையானது.

முன்னே சொன்ன 1991 வெஸ்ட் பாயின்ட் அறிக்கையில், லேசான காயம் ஆறி முழுசாகத் திரும்ப சராசரியாக 13 நாள், நடுத்தரத்துக்கு 19 நாள், கடுமையானதற்கு 21 நாள் ஆனது. லேசான அடிக்கே சராசரி இரண்டு வாரம் என்பதை நினைவில் வையுங்கள். மூன்றரை நாள் கணக்கு, 10 நிமிடத்துக்குள் மடக்கிக் கட்டி, 24 மணி நேரமும் அப்படியே வைத்திருந்தவர்களுக்கு. தேய்த்துவிட்டுத் தூங்கியவர்களுக்கு அல்ல.

மேட்ச் எப்போ?

நாளைக்கே என்றால்: விட்டுவிடுங்கள். அடிபட்ட காலில் வீக்கம் 24 மணி நேரம் வரைகூட ஏறலாம். இன்னும் முழு பாதிப்பே தெரியாத தசையோடு இறங்குவது சூதாட்டம்.

3 முதல் 4 நாளில் என்றால்: லேசான காயமாக இருந்து, முதல் நாளே சரியாகக் கவனித்திருந்தால் வாய்ப்பு உண்டு. இரண்டாம் நாளில் இருந்து வலி இல்லாத அளவுக்கு மெதுவாக மடக்கி நீட்டுவது, படுத்தபடி தொடைத் தசையை இறுக்கி விடுவது, பிறகு ஸ்டேஷனரி சைக்கிள். மூன்றாம் நாளும் மடங்கும் அளவு கூடவில்லை என்றால் பெஞ்சில் உட்காருவதுதான் சரி.

ஒரு வாரத்தில் என்றால்: லேசான காயத்துக்கு நியாயமான நம்பிக்கை. நடுத்தரத்துக்குக் கஷ்டம். முதலில் நடை, பிறகு மெது ஓட்டம், பிறகு வேக ஓட்டம், கடைசியாகத் திடீர்த் திருப்பங்கள் என்று படிப்படியாக. ஒரு படியில் வலித்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டு, மூன்று வாரத்தில் என்றால்: பெரும்பாலானவர்களுக்குப் போதுமான நேரம். இதையும் முழு ஓய்வில் கழித்துவிடக் கூடாது. தசை மெலிந்துவிடும்.

எந்த நாளாக இருந்தாலும் களத்தில் இறங்கும் முன் இந்த நான்கும் 'ஆமாம்' ஆக இருக்க வேண்டும்:

* இரண்டு முழங்காலும் ஒரே அளவு வலி இல்லாமல் மடங்குகிறதா?
* ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும்போது இரண்டு காலுக்கும் பலம் ஏறத்தாழ சமமா?
* முழு வேகத்தில் ஓடி, நின்று, திரும்பி, குதித்து, உதைக்க முடிகிறதா?
* தொட்டால் உள்ளே கட்டி மாதிரி எதுவும் இல்லையா?

இறங்கும்போது அடிபட்ட இடத்துக்கு மேல் தடிமனான தை பேட் கட்டாயம். நடுவில் ஓட்டை விட்டு வளையமாக வெட்டிய ஃபோம் வைத்தால் அடி நேராகக் காயத்தில் இறங்காது. அந்த சீசன் முடியும்வரை அதைக் கழற்ற வேண்டாம்.

அவசரப்பட்டால்: தசைக்குள் முளைக்கும் எலும்பு

"என்ன, கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதானே?" என்பவர்களுக்கு இந்தப் பகுதி.

நசுங்கிய தசை, குறிப்பாக அதே இடத்தில் இரண்டாவது அடி வாங்கிய தசை, ஆறும்போது சில நேரம் தசையாக ஆறாமல் எலும்பாக மாறத் தொடங்கும். 'மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்' என்று பெயர். அடிபட்டு இரண்டு, மூன்று வாரம் ஆன பிறகும் வலி கூடுகிறது, மடங்கும் அளவு குறைகிறது, உள்ளே கெட்டியான கட்டி தட்டுப்படுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியவே மூன்று, நான்கு வாரம் ஆகலாம்.

வெஸ்ட் பாயின்ட் ஆய்வில் ஏறத்தாழ 9 சதவீதம் பேருக்கு இது வந்தது. யாருக்கு வந்தது என்று பார்த்தபோது சில காரணங்கள் தெரிந்தன. முழங்கால் 120 டிகிரி மடங்காதவர்கள், முன்பே அதே தசையில் அடி வாங்கியவர்கள், சிகிச்சையை 3 நாளுக்கு மேல் தள்ளிப்போட்டவர்கள், முழங்காலிலும் வீக்கம் இருந்தவர்கள். பெரும்பாலும் மாதக்கணக்கில் தானாக அடங்கிவிடும். ஆனால் அந்த மாதங்கள் ஆட்டம் இல்லாத மாதங்கள்.

9 நிமிடத்தில் முடிந்த ஃபைனல்

பெரிய மருத்துவக் குழுவே கூட இருந்தாலும் மேட்ச் தேதி கண்ணை மறைக்கும். அதற்கு ஓர் உதாரணம், 2014 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்.

அந்த சீசன் ஸ்பெயின் லீக்கில் 27 கோல் அடித்து அட்லெட்டிகோ மாட்ரிட்டைத் தூக்கி நிறுத்தியவர் டியேகோ கோஸ்டா. மே 17-ம் தேதி பார்சிலோனாவுக்கு எதிரான கடைசி லீக் மேட்சில் தொடையின் பின்பக்கத் தசையில் காயம். 16-வது நிமிடத்திலேயே வெளியேறினார். ஒரே வாரத்தில், மே 24-ம் தேதி லிஸ்பனில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக ஃபைனல். இடையில் அவர் செர்பியாவின் பெல்கிரேடுக்குப் போய், குதிரையின் நஞ்சுக்கொடியில் இருந்து எடுத்த திரவத்தைக் கொண்டு சிகிச்சை எடுத்தார் என்பது உலகம் முழுக்கச் செய்தியானது.

ஃபைனலில் இறங்கினார். 9-வது நிமிடத்தில் வெளியேறினார்.

இழப்பு அவரோடு நிற்கவில்லை. அப்போது ஓர் அணிக்கு மூன்று மாற்று வீரர்கள்தான். ஒன்று 9-வது நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டது. அட்லெட்டிகோ 1-0 என்று முன்னிலையில் இருக்க, 93-வது நிமிடத்தில் செர்கியோ ராமோஸ் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அட்லெட்டிகோவின் டிஃபெண்டர் ஹுவான்ஃபிரான் நொண்டிக்கொண்டே ஆடினார். மாற்ற ஆள் கையில் இல்லை. முடிவு 4-1, கோப்பை ரியல் மாட்ரிட்டுக்கு.

கோஸ்டாவுக்கு வந்தது அடி அல்ல, தசைக் காயம். ஆனால் கணக்கு ஒன்றுதான். ஆறாத தசைக்கு ஃபைனல் என்பது தெரியாது.

"ஊசி போட்டுக்கிட்டு ஆடி ஜெயிச்சவங்களும் இருக்காங்களே?" இருக்கிறார்கள். 1970-ல் என்பிஏ ஃபைனல்ஸின் ஏழாவது ஆட்டத்தில், தொடைத் தசை கிழிந்த நிலையில் வலி நீக்கும் ஊசியோடு இறங்கினார் நியூயார்க் நிக்ஸ் வீரர் வில்லிஸ் ரீட். முதல் இரண்டு ஷாட்டையும் கூடைக்குள் போட்டார், அரங்கமே எழுந்தது, நிக்ஸ் சாம்பியன் ஆனது. அந்த ஆட்டத்தில் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகளே அந்த 4 தான். 36 புள்ளிகள் எடுத்து ஜெயிக்க வைத்தவர் வால்ட் ஃபிரேசியர். நாம் வில்லிஸ் ரீட்களை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். ஊசி போட்டு ஆடி அதோடு காணாமல் போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்னொரு விஷயம். 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் எந்த வகை ஸ்டீராய்டு ஊசியும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. மூட்டுக்கும் தசைக்கும் போடும் கார்ட்டிசோன் ஊசியும் அதில் அடக்கம். "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், அது என்ன ஊசி என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்காக ஆடுபவர்களுக்கு அந்த ஓர் ஊசியே தடையில் கொண்டுபோய் விடலாம்.

இதெல்லாம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி

* நேரம் ஆக ஆக வலி கூடிக்கொண்டே போவது, மருந்துக்கும் அடங்காதது
* தொடை கல் மாதிரி இறுகுவது, காலில் மரத்துப்போதல், ஊசி குத்தும் உணர்வு
* காலை ஊன்றவே முடியாதது
* படுத்தபடி நேரான காலைத் தூக்க முடியாதது
* ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறைவதில் குறைபாடு உள்ளவர்கள்

முதல் இரண்டும் தசை உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டமே தடைபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். அரிதுதான். ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசரம். "காலையில பாத்துக்கலாம்" என்று விடக் கூடாது.

கடைசியாக ஒன்று. செலக்‌ஷன் மேட்ச் என்றால் விடுவது எளிதில்லை. ஒரு வருட உழைப்பு அது. ஆனால் கோச்சுகள், அப்பா அம்மாக்கள், கேப்டன்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடிபட்ட பையனிடமோ பொண்ணிடமோ "வலிக்குதா?" என்று கேட்காதீங்க. மேட்ச் ஆசையில் "இல்ல"ன்னுதான் பதில் வரும். "குப்புறப் படுத்து காலை மடக்கிக் காட்டு" என்று சொல்லுங்க. முழங்காலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.